பாக்கெட் திரும்பி வரும் வழி

வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வர உதவும் வி.பி.என். கேட்டு ஆடிட்டர் அலுவலகங்களிலிருந்து போன் வருவது பெரும்பாலும் ஜூலையிலும் செப்டம்பரிலும்தான். ரிட்டர்னுக்கும் தணிக்கை அறிக்கைக்கும் கடைசி நாள் நெருங்கும்போதுதான் டாலி என்ற கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்தும் திறக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். "ஒரு சாப்ட்வேர்தானே சார், போட்டு விட்டுட்டுப் போங்க" என்பார்கள். அதில் பொய்யும் இல்லை. உபுண்டு ஏற்றிய பழைய கணினி ஒன்று இருந்தால், ஓப்பன்விபிஎன் ஆக்ஸஸ் சர்வரை நிறுவுவது காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. 943 என்ற போர்ட்டில் நிர்வாகப் பக்கம் வந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பு வரை காசும் கேட்காது. என் பிழைப்பு அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முதலில் ரவுட்டரைத் திறந்து, வெளிப்பக்கம் அதற்கு என்ன ஐபி முகவரி கிடைத்திருக்கிறது என்று பார்ப்பேன். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஏதாவது இருந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிடலாம். இணைப்பு தருகிற நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் நம்மை வந்தடைய முடியாது. தனிக் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். அதே ரவுட்டரில் 3389 என்ற போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறதா என்றும் பார்ப்பேன். ரிமோட் டெஸ்க்டாப்புக்காக முன்பு வந்த யாரோ திறந்துவிட்டுப் போயிருப்பார்கள். ரேன்சம்வேர்க்காரர்களுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. அதை மூடாமல் வி.பி.என். போடுவது வீண்செலவு.

அடுத்தது உள்முகவரி. அலுவலகம் 192.168.1 வரிசையில் இருக்கும்; ஊழியர் வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கும். அவர் வீட்டிலிருந்து 192.168.1.10 என்ற அலுவலகக் கணினியைத் தேடினால், அவருடைய மடிக்கணினி அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் கொடுத்த மாதிரி. 1996-இல் வந்த ஆர்எப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் தனி வலையமைப்புகளுக்கென்று 10-இல் தொடங்கும் பெரிய வரிசை முழுவதையும் ஒதுக்கி வைத்திருந்தும் எல்லோரும் இந்த ஒரு மூலையிலேயே நெருக்கியடிக்கிறார்கள். அலுவலக எண்ணை 10.73.20 போன்ற, யாரும் தொடாத வரிசைக்கு மாற்றிவிடுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்வேன். பிரிண்டர், கேமரா பெட்டி, வருகைப் பதிவு இயந்திரம் எல்லாவற்றிலும் கையால் எண் மாற்ற வேண்டும் என்பதால் முகம் சுளிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போகிற வேலை அது. செய்யாமல் விட்டால் வீட்டுக்கு வீடு ஒரு புகார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. இணைப்பு பச்சையாகக் காட்டும், ஆனால் அலுவலகக் கணினி எதுவும் பதில் சொல்லாது. இந்த நிலையில் பலர் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவுவார்கள். உண்மையில் பாக்கெட், அதாவது கேள்வியைச் சுமந்து போன தரவுத் துண்டு, போய்ச் சேர்ந்திருக்கும். பதில்தான் திரும்ப வழி தெரியாமல் நிற்கும். வி.பி.என். பயனருக்கு ஆக்ஸஸ் சர்வர் வழக்கமாக 172.27.224 பக்கத்தில் ஒரு முகவரி கொடுக்கிறது. அலுவலகக் கணினிக்கு அந்த முகவரி அந்நியம். தெரியாத முகவரிக்கெல்லாம் பதிலை ரவுட்டரிடம் கொடு என்றுதான் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ரவுட்டருக்கும் தெரியாது, பதில் வழியிலேயே தொலைந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி. நாட் முறையில், வெளியிலிருந்து வருகிற எல்லோரையும் சர்வர் தன் முகவரியிலேயே உள்ளே அனுப்பும். பதிலும் தானாகச் சர்வருக்கே வந்துவிடும். ஆக்ஸஸ் சர்வர் இதைத்தான் இயல்பாக வைத்துக்கொண்டு வருகிறது; மேலே சொன்ன சிக்கல் வருவது இதை மாற்றிவிட்ட இடத்தில்தான். இன்னொன்று, இந்த வரிசைக்கான பதிலைச் சர்வரிடம் கொடு என்று ரவுட்டரில் நிலையான ரூட் ஒன்றை எழுதுவது. முதலாவது சுலபம். ரவுட்டர் ஒத்துழைத்தால் நான் இரண்டாவதையே எழுதுவேன். நாட் போட்டால் அலுவலகக் கணினிகளின் பதிவேட்டில் எல்லா வருகையும் ஒரே முகவரியில் இருக்கும். யார் எதைத் திறந்தார்கள் என்பது அங்கே தெரியாது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் 180 நாள் பதிவேடு வைத்திருக்கச் சொல்கிறது. பெயர் தெரியாத பதிவேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சில ஃபயர்வால்கள் மட்டும் ரூட் முறையில் முரண்டு பிடிக்கும். கேள்வி சர்வர் வழியாக நேரே கணினிக்குப் போய், பதில் மட்டும் தன் வழியாக வருவதால், பாதி உரையாடலைக் கண்டு சந்தேகப்பட்டு மறித்துவிடும். அங்கே நாட்தான்.

இன்னொரு விஷயம், பிங் வரவில்லை என்று பதற வேண்டாம். விண்டோஸின் ஃபயர்வால் தன் வரிசைக்கு வெளியிலிருந்து வரும் பிங்கை இயல்பாகவே மறுக்கும். ரிமோட் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுக்கும்.

டாலிக்கு வருவோம். அலுவலகத்தில் பகிர்ந்து வைத்த டேட்டா போல்டரை வீட்டுக் கணினியின் டாலியில் நேரடியாகத் திறக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கூடாது. கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு வாங்குகிற அந்தப் பேச்சு அலுவலகக் கேபிளில் கண் இமைக்கும் நேரம். வி.பி.என். என்ற சுரங்கவழியில் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருப்பு. நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டாவுக்கே ஆபத்து. டாலி அலுவலகத்திலேயே ஓடட்டும், திரை மட்டும் வீட்டுக்கு வரட்டும். அதற்கு அலுவலகக் கணினியில் விண்டோஸ் ப்ரோ வேண்டும். ஹோம் பதிப்பு வெளியாரை உள்ளே விடாது. அதைவிட முக்கியமாகக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ராத்திரி அலுவலகத்தைப் பூட்டுகிறவர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற வழக்கம் நம்மூரில் இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் இல்லாத சிக்கல் அது. அவரிடம் தனியாகப் பேசுவேன். மின்சாரம் போய் வந்தால் தானே விழித்துக்கொள்ளும்படி பயாஸிலும் சொல்லி வைப்பேன்.

சோதனையை என் போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்துதான் செய்வேன். அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு வி.பி.என். வேலை செய்கிறது என்று காட்டுவது கண்கட்டு வித்தை. சின்னப் பக்கங்கள் திறந்து, பெரிய கோப்பு மட்டும் நடுவழியில் நின்றால் பாக்கெட்டின் அளவைக் குறைக்க வேண்டும்; சுரங்கவழியின் உறையும் இடம் பிடிக்கிறதே.

கடைசியில் ஆட்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் ரேன்சம்வேரால் முடங்கியதற்கு, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு போதுமானதாக இருந்தது. இரண்டாம் கட்ட சரிபார்ப்பு அதில் இல்லை. பணயத் தொகை சுமார் 44 லட்சம் டாலர். அதனால் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைப் போனில் எல்லோருக்கும் கட்டாயமாக்குவேன். சர்வரின் கடிகாரம் சரியாக ஓடாவிட்டால் அந்த எண் ஒத்துவராது என்பதால் நேரத்தையும் சரிபார்ப்பேன். அடுத்து, யாருக்கு எது வரை அனுமதி என்பது: பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவருக்கு அவர் கணினியின் 3389 மட்டும். ஆடிட்டர், "எனக்கு எல்லாமே திறந்து வெச்சிடுங்க" என்பார். அவருக்கும் அவர் கணினி, அந்த ஒரு போர்ட். கேமராவையும் பார்க்க வேண்டும் என்றால் அனுமதிப் பட்டியலில் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.