உணவுப் பட்டியலில் ஒரு மொழி

'சீன உணவு' என்பது பிறர் இட்ட பொதுப்பெயர். சீனர் தம்முள் அவ்வாறு கூறுவது அரிது. 'தமிழர் உணவு' என வெளியார் ஒரே சொல்லால் சுட்டுங்கால், செட்டிநாட்டாரும் கொங்கு நாட்டாரும் நாஞ்சில் நாட்டாரும் முறுவலிப்பது போன்றதே அது. சிங்கப்பூர் மாநகரில் வார இறுதியில் வெளியே உண்ணச் செல்லும் சீனக் குடும்பத்தினர், ஹொக்கியன் உணவா, கண்டோனீஸ் உணவா, ஹாக்கா உணவா, ஹைனான் உணவா, தியோச்சு உணவா என்று முதலில் ஆராய்ந்து கொள்வர். உணவகத்தின் பெயர்ப்பலகையே மூதாதையரின் ஊரைச் சொல்லும். அவற்றுள் தியோச்சு உணவகம் தமிழாசிரியர் ஒருமுறை கருத்தூன்றி நோக்கத்தக்கது. நாவிற்கு விருந்தாவதோடு, மொழியைப் பற்றிய பாடமும் அங்குண்டு.

தியோச்சு மக்களின் தாயகம், சீனாவின் குவாங்டோங் மாநிலத்துக் கிழக்குக் கடற்கரையில், ஹான் ஆறு கடலொடு கலக்கும் பகுதி. அங்குள்ள சுவாத்தோ துறைமுகம் 1860ஆம் ஆண்டில் அயல்நாட்டு வணிகத்திற்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்பே அம்மக்களிற் பலர் சிங்கப்பூரில் குடியேறியிருந்தனர். மிளகும், தோல் பதனிடப் பயன்பட்ட கம்பிரும் பயிரிட்டனர். ஆற்றங்கரையில் வணிகம் நடத்தினர். அவர்தம் வழிபாட்டிற்கும் நல்வாழ்விற்குமென 'நீ ஆன் கொங்சி' 1845ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆறும் கடலும் வளர்த்த மக்களாதலின், அவர்கள் சமையலில் மீனே தலைமை பெறும்.

உணவு மேசைக்கு முதலில் நீராவியில் வெந்த வௌவால் மீன் முழுதாக வரும். அதன்மேல் உப்பில் ஊறிய கடுகுக்கீரை, புளிப்பேறிய பிளம் கனி, தக்காளி, இஞ்சிக் கீற்று ஆகியவை கிடக்கும். மசாலைப் பொடியோ எண்ணெய்ப் பொரியலோ இல்லை. மீன் பழையதாயின் அக்குற்றத்தை மறைக்க ஒன்றுமில்லையாதலால், அன்று பிடித்த மீனே அவித்தற்குரியது. அடுத்து, 'லோ ஆக்' என்னும் வாத்திறைச்சி. சோயாச் சாற்றில் அரத்தையும் அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்து, சிறு தீயில் நெடுநேரம் வேகவைத்தது. அரத்தையின் மணம் தியோச்சு அடுக்களைக்கே உரிய அடையாளம். சிப்பிச் சதையும் முட்டையும் சர்க்கரைவள்ளி மாவும் கலந்து சுட்ட அடையும் உண்டு. இனிப்பாக 'ஓ நீ' வரும். சேப்பங்கிழங்கை அவித்து மசித்து, கொழுப்பும் சர்க்கரையும் இட்டுக் கிளறிய களி அது. உணவின் முன்னும் பின்னும் சுண்டுவிரல் உயரக் கிண்ணங்களில் கடுந்தேநீர் அருந்துவது மரபு.

எளியோர் உணவோ கஞ்சி. தியோச்சு மொழியில் அதற்கு 'முவே' என்று பெயர். சோற்றுப் பருக்கை குழையாது தனித்தனியே நிற்க, நீர் தெளிந்திருக்கும். தொட்டுக்கொள்ள உப்பிட்ட முட்டை, கருவாடு, ஊறுகாய்க் கீரை முதலியன. இதனை ஆங்கில உணவுப் பட்டியல்கள் பலவும் 'கான்ஜி' எனக் குறிக்கின்றன. அச்சொல் தமிழ்க் 'கஞ்சி'யே. போர்த்துகீசியர் வாயிலாக அது ஆங்கிலம் புகுந்தது. இதற்கு ஈடாக மற்றொரு சொல் எதிர்த்திசையில் வந்துள்ளது. ஹொக்கியனும் தியோச்சும் தென்மின் என்னும் மொழிக்குழுவைச் சார்ந்தவை. அக்குழுவின் 'தே' என்னும் சொல்லே டச்சு வணிகர் வழியே ஐரோப்பா சென்றது. தமிழில் தேயிலை, தேநீர் என்பவற்றின் முதலில் நிற்பதும் அதுவே. ஒரே மேசையில் தமிழர் கொடுத்த சொல் கஞ்சிக் கிண்ணத்திலும், தமிழர் பெற்ற சொல் தேநீர்க் கிண்ணத்திலும் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

எனினும், அம்மேசையைச் சுற்றி அமர்ந்தோரின் பேச்சைச் செவிமடுப்பார்க்கு மகிழ்ச்சி நீடிப்பதில்லை. பாட்டி பரிமாறுவோரிடம் தியோச்சு மொழியில் மீனின் புதுமையைக் கேட்டறிகிறார். மகன் மாண்டரின் மொழியில் கணக்குப் பார்க்கிறார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரையாடுகின்றனர். பாட்டி ஏதோ சொல்லி நகைக்கிறார். பிள்ளைகள் தந்தையின் முகத்தை நோக்குகின்றனர். அவர் மொழிபெயர்த்த பின்னரே அவர்களுக்கும் நகை பிறக்கிறது. பாட்டியும் பேரனும் ஒரே தட்டில் உண்கின்றனர். ஒரே மொழியில் பேசுகின்றாரல்லர்.

இந்நிலை தானாக நேர்ந்ததன்று. 1979ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. வீட்டில் ஒரு கிளைமொழியும் பள்ளியில் மாண்டரினும் ஆங்கிலமும் என மாணவர் சுமை பெருகுதலைத் தவிர்க்கவும், பல கிளைமொழியினரை ஒருமொழியால் இணைக்கவும் எழுந்த முயற்சி அது. அதன் நோக்கத்தைக் குறை கூறுதல் எளிதன்று. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியே நின்றன. இயக்கம் வென்றது. விலையும் கொடுக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் சீனக் கிளைமொழி பேசுவோர் 2010ஆம் ஆண்டில் 14.3 விழுக்காட்டினர், 2020ஆம் ஆண்டில் 8.7 விழுக்காட்டினரே.

இளையோரிடம் எஞ்சுவது யாது? 'முவே', 'லோ ஆக்', 'ஓ நீ' என்னும் பெயர்கள் எஞ்சுகின்றன. 'உண்டாயிற்றா?' என்னும் பொருளில் முகமன் கூறும் 'சியா பா புவே' எஞ்சலாம். 'நம்மவர்' எனப் பொருள்படும் 'கா கி நாங்' என்னும் தொடரைச் சிலர் பெருமையுடன் சொல்வர். உணவுப் பட்டியல் பெயர்ச்சொற்களின் தொகுப்பு. அதில் வினைச்சொல் அரிது. கோபித்தல், தேற்றுதல், இரத்தல், மன்னித்தல் ஆகிய எதனையும் பெயர்ச்சொல்லை மட்டும் கொண்டு நிகழ்த்த இயலாது. வினையை இழந்த மொழி வாழும் மொழியன்று.

பெயர் பிழைத்தால் மொழியும் பிழைக்கும் எனக் கருதுவார்க்குத் தேக்காச் சந்தையே சான்று. மூங்கில் வளர்ந்த இடத்தைக் குறிக்கும் அச்சொல்லும் தென்மின் வழக்கே. 1980களின் தொடக்கத்தில் எழுந்த புதிய சந்தைக்கு 'சூஜியாவ்' என மாண்டரின் ஒலிப்பில் பெயரிடப்பட்டது. மக்கள் நாவோ பழைய பெயரை விடவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா என்னும் பெயரே மீண்டும் சூட்டப்பட்டது. அப்பெயரைக் காத்தவருள் தமிழரும் அடங்குவர். ஆயினும் தேக்காவில் காய்கறி வாங்கும் தமிழர் அதனால் ஹொக்கியன் பேசுநராய்விடவில்லை.

தமிழின் நிலை வேறு. அது சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளுள் ஒன்று; அங்குப் பள்ளியிற் பயிலும் பாடம்; மலேசியாவில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தொடக்கப்பள்ளிகளே உண்டு. தியோச்சுக்கு இத்தகைய அரண் இல்லை. எனினும் அரண் இருப்பது கொண்டே அமைதி கொள்ளலாகாது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் 36.7 விழுக்காட்டினராக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் 29.2 விழுக்காட்டினராயினர். தோசை, இட்டிலி, சாம்பார் என்னும் பெயர்களைப் பிழையின்றிச் சொல்லும் குழந்தை, 'இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்' என்பதனை ஆங்கிலத்திற் கேட்கும் வீடுகள் மலேசியாவிலும் இல்லாமலில்லை. அவ்வீட்டிலும் பெயர் தமிழாக நிற்கிறது, வினை வெளியேறிவிட்டது.

இதற்கு மருந்தும் அடுக்களையிலேயே உண்டு. அவித்தல், வறுத்தல், வதக்குதல், தாளித்தல், பொரித்தல், துழாவுதல், வடித்தல், பிசைதல், பரிமாறுதல் எனத் தமிழ் அடுக்களையில் வழங்கும் வினைச்சொற்கள் பலப்பல. ஒரு வாரம் வீட்டில் சமையல் நடக்குங்கால் உடனிருந்து, பாட்டியோ தாயோ தந்தையோ செய்வதை வினைச்சொல்லால் எழுதி வருமாறு ஆசிரியர் மாணவரைப் பணிக்கலாம். எழுதுதற்கு முன் அவர்கள் கேட்டாக வேண்டும். கேட்டற்கு முன் பேசியாக வேண்டும். வகுப்பில் அச்சொற்களை வைத்து வாக்கியம் அமைத்தல் அதன்பின் எளிதாகும். தியோச்சுப் பாட்டியின் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது போல், தமிழ்ப் பாட்டியின் சொல்லுக்கும் தேவைப்படும் நாள் வாராதிருக்க அச்சிறு பயிற்சியும் துணை செய்யும்.