ஒரு மீத்தைல் கூடினால்

மருந்து மூலக்கூறுகளை அறிவாளிகள் கணினித் திரையில் வடிவமைக்கிறார்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள் அதைச் செய்து கொடுக்கிறார்கள் என்றே பலரும் நினைக்கிறோம். ஹைதராபாத்தின் கரிம வேதியியல் ஆய்வகம் ஒன்றில் நான் பார்த்த வேலை இந்தப் பிரிவினைக்குள் அடங்கவில்லை. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டின் கண்ணாடிக்குள் கைகளை நீட்டி, குடுவையிலிருந்து ஒரு துளியை மெல்லிய கண்ணாடிக் குழலில் எடுத்து, சிலிக்கா பூசிய டி.எல்.சி. தகட்டின் அடியில் புள்ளி வைக்கிறார் ஆராய்ச்சி மாணவி. கரைப்பான் தகட்டில் ஏறியதும் புறஊதா விளக்கின் கீழ் பார்க்கிறார். பழைய புள்ளி மறைந்து வேறு உயரத்தில் புதுப்புள்ளி தெரிந்தால் வினை நடந்திருக்கிறது. புள்ளி வால்போல இழுபட்டால் கரைப்பானில் துளி ட்ரைஎத்தைலமீன் சேர்ப்பதா, வினையையே நிறுத்துவதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். பிறகு சிலிக்கா நிரப்பிய குழாயில் பிரித்து, ரோட்டாவேப் என்ற ஆவியாக்கியில் கரைப்பானை ஓட்டி, என்.எம்.ஆர். நிறமாலை எடுத்தால்தான் கையில் இருப்பது என்னவென்று தெரியும். அடுத்து எந்த மூலக்கூறைச் செய்வது என்ற கேள்வி அந்த விடையிலிருந்துதான் எழுகிறது. செய்வதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் இதற்குத் தெளிவான சான்று. பாசெல் நகரின் சீபா-கைகி நிறுவனத்தில் வேதியியலாளர்கள் தொடங்கிய மூலக்கூறு, வேண்டாத ஒரு நொதியையும் தடுத்துக்கொண்டிருந்தது. வளையத்தின் ஓரிடத்தில் ஒரு மீத்தைல், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், சேர்த்தார்கள். மூலக்கூறின் திருகல் மாறியது, அந்த வேண்டாத வேலை நின்றது. நீரில் கரைவதற்காக வேறொரு பகுதியையும் இணைத்தார்கள். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயைப் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோயாக்கியது.

அதே மீத்தைல் மின்கலத்தில் நேரெதிராக நடந்துகொண்டது. புரோப்பிலீன் கார்பனேட் என்ற கரைப்பானில் கிராஃபைட்டைப் போட்டு மின்னேற்றினால், அதன் அடுக்குகள் உரிந்து நாசமாகும். ஒரே ஒரு மீத்தைல் குறைவான எத்திலீன் கார்பனேட்டோ கிராஃபைட்டின்மேல் காப்புப் படலம் உருவாக வழிசெய்கிறது. கனடாவில் ஜெஃப் டான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-இல் இதை வெளியிட்டார்கள். இன்று நம் கைபேசி மின்கலங்கள் பெரும்பாலானவற்றில் எத்திலீன் கார்பனேட் இருக்கிறது. காகிதத்தில் இந்த இரண்டு கரைப்பான்களும் அண்ணன் தம்பி. மின்கலத்தைக் கட்டி ஓட்டிப் பார்த்தவர்களே வித்தியாசத்தைக் கண்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை, இனி செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்று மறுப்பவர்கள் உண்டு. புரதங்களின் வடிவைக் கணித்ததற்கும் புதிய புரதங்களை வடிவமைத்ததற்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்ததை அவர்கள் சுட்டுவார்கள். அந்த வெற்றியை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அந்த வடிவங்களைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு பாடம் படித்தது 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில். அதிலுள்ள ஒவ்வொரு வடிவமும் யாரோ படிகம் வளர்த்தோ வேறு சோதனை செய்தோ கண்டது. மருந்து வேதியியலில் நிலைமை இன்னும் கடினம். நடந்த வினைகளே கட்டுரைகளாகின்றன, நடக்காதவை பெரும்பாலும் ஆய்வகக் குறிப்பேடுகளில் முடங்கிவிடுகின்றன. தோல்வியைப் படிக்காத இயந்திரம் தோல்வியை எப்படிக் கணிக்கும்? ரோபோ கைகள் வரட்டும் என்பதே என் நிலை. ஒரே வினையை நூறுமுறை செய்யும் சலிப்பிலிருந்தும் கரைப்பான் ஆவியிலிருந்தும் மனிதர் தப்பலாம். இழுபட்ட புள்ளியைப் பார்த்துப் பாதையை மாற்றும் தீர்ப்பு மட்டும் பயின்ற கண்ணுக்கே வாய்த்திருக்கிறது.

அந்தக் கண்ணுக்கு உரியவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? இந்தியாவில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். அதுவும் பலருக்கு மாதக்கணக்கில் தாமதமாகவே வருகிறது. அதை மாதம் தவறாமல் கொடுங்கள். அவர்கள் செய்து தோற்ற வினைகளையும் பெயரோடு பதிவேற்ற ஒரு பொதுத் தரவகம் அமையுங்கள்.