அகம் அறியும் அளவு

கதிர்காமத்தில் உள்ள எங்கள் இல்லத்து மொட்டைமாடியில் ஒருநாள் மாலை அமர்ந்திருந்தேன். கல்லூரியில் இயற்பியல் பயிலும் என் பேரன் கீழ்வானில் ஒளிர்ந்த வியாழனைச் சுட்டிக்காட்டி, "தாத்தா, அக்கோளின் உள்ளே இருப்பதையும் ஓரளவு கணித்துவிட்டார்கள்" என்றான்.

"அங்கே புகுந்து கண்டவர் யார்?" என்று வினவினேன்.

"புகவேண்டியதில்லை, ஈர்ப்பை அளந்தால் போதும்" என்றான்.

மாணவர்களே, அவன் விளக்கியதைக் கேளுங்கள். வியாழன் நம் பூமியைப்போல் ஏறத்தாழ 318 மடங்கு நிறையுடையது. அமெரிக்கர் 2011ஆம் ஆண்டில் விடுத்த ஜூனோ என்னும் விண்கலம் 2016இல் அதனை அடைந்தது. கோளின் உள்ளே பொருள் பரவியிருக்கும் முறைக்கேற்ப, அதன் ஈர்ப்பு இடத்துக்கிடம் சிறிது வேறுபடும். கலத்தின் விரைவும் நுண்ணிதாக மாறும். புகைவண்டியின் ஊதல் நம்மை நெருங்குங்கால் உயர்ந்தும், நீங்குங்கால் தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவ்வாறே கலம் அனுப்பும் வானொலி அலையில் நேரும் மாற்றத்தால் அதன் விரைவை அறிந்தனர்.

வியாழனின் நடுவே செறிந்த கரு ஒன்று உண்டென முன்னர்ப் பலர் கருதினர். கிடைத்த அளவுகளோ, கனமான பொருள்கள் நடுவிலிருந்து நெடுந்தொலைவு கலந்து பரவியிருக்கலாம் எனக் காட்டின. மேலே தோன்றும் காற்றோட்டங்கள் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் ஆழம்வரை செல்வதும் 2018இல் வெளியாயிற்று.

"அங்ஙனமாயின் எல்லாம் உறுதியாயிற்றா?" என்றேன்.

"இல்லை தாத்தா. வெவ்வேறு உள்ளமைப்புகள் ஒரே ஈர்ப்பளவைத் தரக்கூடும். ஆகவே பல மாதிரிகளைக் கணக்கிட்டு, அளவோடு ஒவ்வாதவற்றை நீக்குகிறார்கள். எஞ்சியவற்றை மீண்டும் ஆராய்கிறார்கள்."

அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்து, என் வகுப்பில் நாள்தோறும் உறங்கி விழும் மாணவன் ஒருவன் இருந்தான். சோம்பலே காரணம் என்று முடிவு செய்தேன். பலர் முன்னிலையில் கடிந்தேன். அவன் மறுமொழி கூறாது நின்றான். நோயுற்ற தாயின் அருகே அவன் இரவெல்லாம் விழித்திருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். வருந்தி அவனைத் தேடிச் சென்றபோது, அக்குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது.

உறக்கம் நான் கண்ட உண்மை. சோம்பல் நான் கற்பித்துக்கொண்ட மாதிரி. அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோளின் உள்ளத்தை அறிஞர் பொறுமையோடு ஆராய்கின்றனர். நானோ, எட்டடித் தொலைவில் நின்ற சிறுவனிடம் ஒரு வினாவும் வினவினேன் அல்லேன்.

மாணவர்களே, புறத்தை நுணுகிக் காணுங்கள். அகத்தைப் பற்றி முடிவு கூற விரையாதீர்கள்.