வயலுக்கு என்ன திரும்புகிறது?

நொய்டாவில் நவம்பர்ப் புகையைப் பற்றி ஃபோனில் சொன்னபோது, "வைக்கோலை யாராவது கொளுத்துவாங்களா?" என்றார் அம்மா. தஞ்சாவூர்க்காரருக்கு அது மாட்டுத் தீவனம்.

பஞ்சாபில் நிலைமை வேறு. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நெல் நடவைத் தள்ளிப்போட்டது. அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் மிஞ்சுகிறது. மெஷின் அறுத்துவிட்டுப் போன தாளை அகற்ற, கைக்காசு செலவாகாத வழி தீக்குச்சிதான்.

2021இல் மத்திய மின் அமைச்சகம், அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு பயிர்க்கழிவு வில்லைகளையும் 5 சதவீதம் எரிக்க வேண்டும் என்றது. அந்த அளவுக்குச் சுரங்கத்தில் நிலக்கரி தோண்ட வேண்டாம். இன்ஜினியர் மூளைக்கு அழகான லூப்.

ஆனால் லூப் மூடவில்லை. தாளில் உள்ள பொட்டாசியம் கொதிகலனில் கசடாக ஒட்டும். மண்ணுக்கோ அதுதான் சத்து. நிலக்கரிச் சாம்பலோடு கலந்தபின் அது வயலுக்குத் திரும்புவது கஷ்டம். விவசாயி மறுபடி பொட்டாஷ் மூட்டை வாங்குவார். அது வெளிநாட்டுச் சுரங்கத்தில் வெட்டி, கப்பலில் வந்த சரக்கு. ஒரு சுரங்கத்தைக் குறைக்கப்போய் இன்னொன்றுக்குக் காசு கொடுக்கிறோம்.

சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022இல் திறந்த ஆலை, தாளை நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கிறது. மிஞ்சுவது எரு, பொட்டாசியம் அதிலேயே இருக்கும். எனக்கு இந்த வழிதான் பிடிச்சிருக்கு. ஆனால் தாளைக் கட்டி ஏற்றுகிற செலவு விவசாயி தலையில் விழுந்தால், அடுத்த நவம்பரிலும் தீக்குச்சிதான் ஜெயிக்கும்.