லித்தியம் என்னும் ஒற்றைச் சொல்

பெங்களூரின் ஏரிநீரை ஆராயும் ஒரு முனைவர் பட்ட மாணவி, தம் மூன்றாம் ஆண்டில், ஆய்வுத் தலைப்புக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு கேள்விக்கு நான்கு மாதங்களைக் கொடுத்தார். படகுக்கு எந்தப் பேட்டரி வாங்குவது என்பதே அக்கேள்வி.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஏரியின் பத்து இடங்களில், மூன்று ஆழங்களில் அவர் நீர் எடுக்க வேண்டும். துடுப்பு, ஆழம் குறைந்த இடங்களில் அடிச்சேற்றைக் கலக்கிவிடும். பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அளக்க வந்தவரே அளக்கும் நீரைக் கெடுத்ததாக ஆகும். ஆகவே படகின் பின்பலகையில் பொருத்தும் ட்ரோலிங் மோட்டார் ஒன்றை ஆய்வு வழிகாட்டி பரிந்துரைத்தார். தூண்டில்காரர்கள் ஓசையின்றி மெல்ல நகர்வதற்காக உருவான மின்மோட்டார் அது. 12 வோல்ட்டில் இயங்கும். 55 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 25 கிலோ உந்துவிசை தரும். முழு வேகத்தில் 50 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுக்கும்.

முதலில் ஆய்வகத்தில் கிடந்த ஈய-அமில பேட்டரியே படகேறியது. அதன் மேல் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. அந்த எண், இருபது மணி நேரம் மெல்ல மெல்ல வடித்தால் மட்டும் கிடைப்பது. 50 ஆம்பியராக உறிஞ்சினால் கொள்ளளவு வெகுவாகச் சுருங்கும். அதிலும் பாதிக்கு மேல் அடிக்கடி வடித்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காத அந்தப் பேட்டரி, எடையில் முப்பது கிலோவை நெருங்கியது. ஏரிக்கரையிலிருந்து அதைச் சுமந்து இறக்கியவர் அறுபது வயதைக் கடந்த ஒரு படகோட்டி. "மேடம், இது பேட்டரியா, அம்மிக்கல்லா?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மறுமுறை அவர் இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு வந்ததை மாணவி கவனித்தார்.

லித்தியம் வாங்குவது என்று முடிவாயிற்று. கல்வி நிறுவனங்களில் பொருள் வாங்கிய எவரும் அறிந்த வழக்கப்படி மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டன. தேவை என்று மாணவி எழுதியிருந்தது ஒரே வரி: "லித்தியம் பேட்டரி, 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி." மூன்று விற்பனையாளர்களும் அந்த வரிக்குப் பொருந்தும் பொருளையே தருவதாக எழுதினர். ஒருவருடைய விலை மற்ற இருவருடையதில் பாதிக்கும் கீழே இருந்தது. விதிப்படி அதையே வாங்க வேண்டும்.

வாங்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் கடைக்குச் சென்றார். எஸ்.பி. ரோட்டின் நெரிசலில், மின்னணுப் பொருள்கள் கூரைவரை அடுக்கிய சிறிய கடை. பேட்டரியைக் கையில் எடுத்தவுடன் அது வியப்பூட்டும் அளவுக்கு இலேசாக இருந்தது. தராசில் வைத்தபோது ஐந்து கிலோ. அங்கேயே ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். 12.8 வோல்ட்டை 100 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 1,280 வாட்-மணி. ஐந்து கிலோவில் அத்தனை ஆற்றல் என்றால், கிலோவுக்கு 256 வாட்-மணி. இரும்பு பாஸ்பேட் வகையில் 100 ஆம்பியர்-மணி செல் ஒன்றே ஏறத்தாழ இரண்டு கிலோ எடை கொண்டது. நான்கு செல்கள் சேர்ந்தால் எட்டு கிலோ. உறையும் கம்பியும் சேர்ந்தால் பத்துக்கு மேல். எடை பொய் சொல்வதில்லை. ஒன்று, அட்டையில் எழுதிய கொள்ளளவு உண்மையன்று. அல்லது உள்ளே இருப்பது வேறு வேதியியல். கடைக்காரர் மறைக்கவில்லை. பழைய மின்ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய செல்கள் என்றார். "அதுவும் லித்தியம்தானே?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் தவறில்லை. லித்தியம் என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகையில் ஒரு செல் ஏறத்தாழ 3.7 வோல்ட். மூன்றை அடுக்கினால் 11.1 வோல்ட், மோட்டார் சோர்ந்து ஓடும். நான்கை அடுக்கினால் முழு மின்னேற்றத்தில் 16.8 வோல்ட், 12 வோல்ட் மோட்டாரின் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு அது ஆபத்து. இரும்பு பாஸ்பேட் செல் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8, முழு ஏற்றத்தில் 14.6. ஈய-அமிலத்துக்காக வடிவமைத்த மோட்டாருக்கு அது கிட்டத்தட்ட இயல்பாகவே பொருந்துகிறது.

வோல்ட்டைவிடப் பெரிய வேறுபாடு நெருப்பில் இருக்கிறது. நிக்கல் வகைச் செல் மிகையாகச் சூடேறும்போது நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீயை வளர்க்கும். பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிணைத்திருப்பதால் அது எளிதில் விடுபடுவதில்லை. தீப்பிடிக்கவே பிடிக்காது என்பதன்று இதன் பொருள். உள்ளிருக்கும் கரைசல் எரியக்கூடியதுதான். எனினும் இடர் வெகுவாகக் குறைகிறது. 2022இல் நாட்டின் பல ஊர்களில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்தபின் ஏஐஎஸ் 156 என்னும் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அவை சாலை வாகனங்களுக்கானவை. சாலையில் வண்டி புகைந்தால் இறங்கி ஓடலாம். ஏரியின் நடுவில் எங்கே ஓடுவது? பெல்லந்தூர் ஏரியின் நுரையும் களையும் தீப்பற்றியதை 2015, 2017, 2018 ஆண்டுகளில் கண்ட நகரத்தில், நீர்மேல் நெருப்பு என்பது வெறும் கற்பனையன்று.

இந்தப் பாஸ்பேட்டின் வரலாறு மாணவிக்குத் தற்செயலாகவே தெரியவந்தது. தென்தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குட்எனஃபுடன் இணைந்து, சல்ஃபேட் போன்ற பல்லணு அயனிகளைக் கொண்ட நேர்முனைப் பொருள்களை ஆராய்ந்தார். அதே நெறியில், 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகிய மூவரும் இரும்பு பாஸ்பேட் குறித்த கட்டுரையை வெளியிட்டனர். அவர்களுள் நஞ்சுண்டசாமி முன்பு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்தவர். 2019இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் மந்திரம். அறிவு இங்கிருந்து சென்று, உலகைச் சுற்றி, விலைப்புள்ளியில் ஒரு சொல்லாகத் திரும்பியிருந்தது. அந்தச் சொல்லை எழுதத்தான் அவர் தவறியிருந்தார்.

எல்லாப் படகுக்கும் பாஸ்பேட்டே சரி என்பதுமன்று. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் படகுகளில் இருப்பது லித்தியம் டைட்டனேட். எடைக்குத் தரும் ஆற்றல் குறைவு, விலை அதிகம். ஆனால் துறையில் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும்போதே மின்னேற்றிவிடலாம். பல்லாயிரம் சுழற்சிகள் தாங்கும். நாள் முழுதும் ஓயாமல் ஓடும் படகுக்கு அது பொருத்தம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் மிதக்கும் படகுக்கு அது வீண்செலவு. என்ன வேலை, எவ்வளவு நேரம், யார் உட்காருகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் வேதியியலைத் தேர்ந்தெடுக்க முடியும்.

பழைய கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. நிதியாண்டு முடியப் போகிறது என்று அலுவலகம் நினைவூட்டியது. மாணவி புதிய விவரக்குறிப்பை எழுதினார். லித்தியம் இரும்பு பாஸ்பேட், புதிய செல்கள், நான்கு தொடரில். எடை பத்து கிலோவுக்குக் குறையலாகாது. உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று தொடர்ந்து 100 ஆம்பியர் தாங்க வேண்டும். மோட்டாரின் உச்சத் தேவையைப் போல் இரு மடங்கு. நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ். நீர் புகாத உறை. முனைகளுக்கு மூடி, கழிவுநீர் ஏரியின் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கருக்கவல்லது. 14.6 வோல்ட்டில் நிற்கும் தனிச் சார்ஜர்; ஈய-அமில சார்ஜர் கூடாது. ஒரு வரி ஒரு பக்கமாயிற்று. மூன்று விலைப்புள்ளிகள் மீண்டும் வந்தன. இம்முறை குறைந்த விலைக்கும் சரியான பொருளுக்கும் பகையில்லை.

பேட்டரி பன்னிரண்டு கிலோ. படகோட்டி ஒரு கையால் தூக்கிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும் என்று மாணவி விளக்கியபோது, "மெதுவாப் போனாத் தூரம் போகலாம்னு சொல்றீங்க. அது துடுப்புக்கும் உண்டு மேடம்" என்றார்.

நான்காம் பயணத்தில், எட்டாவது இடத்துக்கு அருகே, மோட்டார் சட்டென்று நின்றது. முந்தைய நாள் மின்னேற்றம் பாதியில் தடைப்பட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஈய-அமிலம் சோர்ந்து சோர்ந்து அடங்கும். லித்தியம் கடைசிவரை ஒரே வோல்ட்டைக் காட்டிவிட்டு, பாதுகாப்புச் சுற்று துண்டிக்கும் கணத்தில் முற்றாக நின்றுவிடும். வோல்ட்மீட்டரை நம்பியிருந்தவர் திகைத்தார். படகோட்டி பலகைக்கு அடியிலிருந்து இரண்டு துடுப்புகளை எடுத்தார். அவற்றை எடுத்துவர வேண்டும் என்று எந்தக் குறிப்பிலும் எழுதியிருக்கவில்லை. அன்றிரவு மாணவி விவரக்குறிப்பின் முடிவில் இரண்டு வரிகளைச் சேர்த்தார்: சென்ற ஆம்பியர்-மணியை எண்ணும் கருவி, துடுப்புகள் இரண்டு.

ஆய்வேட்டின் முறையியல் இயலில் இவை எவற்றுக்கும் இடமில்லை. "மின்மோட்டார் பொருத்திய படகிலிருந்து நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன" என்ற ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பக்க விவரக்குறிப்பு இன்றும் ஆய்வகத்தின் கோப்பில் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்கள் ஏரிக்குப் போகுமுன் அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள்.