இரும்பு யானைக் கொட்டில்

திருநெல்வேலி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அல்வா என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கொஞ்சம் யோசித்தால் நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் ஸ்வரம் பேசும் கல் தூண்கள், பத்தமடைப் பாய், பாபநாசத்துக் குளியல் என்று ஜாபிதா நீளும். இந்தத் தடவை நான் பார்க்கப் போனது இவற்றில் எதையும் அல்ல. ஒரு பள்ளத்தைப் பார்க்கப் போனேன்!

“பள்ளத்தைப் பார்க்கவா ராத்திரி பூராவும் ரயிலில் போக வேண்டும்? நம் தெருவில் இல்லாத பள்ளமா?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இது சாதாரணப் பள்ளம் அல்ல. இதற்குள்ளே பத்து வீட்டை வரிசையாக இறக்கி வைத்துவிடலாம். அடியில் நிற்கும் லாரி மேலிருந்து பார்த்தால் குழந்தைகள் கொலுவில் வைக்கும் பொம்மை மாதிரித் தெரியும்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோ மீட்டர் ஓடிப் புன்னக்காயலில் கடலோடு சேருகிறது. அது போகிற வழியெல்லாம் நெல்லும் வாழையும்தான். ஆனால் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து மதுரை ரோட்டில் வடக்கே கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். பச்சை மறைந்து முள்ளும் செம்மண்ணும் வரும். செம்மண்ணுக்கு நடுவில் இங்குமங்கும் வெள்ளை வெளேரென்று கல் தலை காட்டும். அதுதான் தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் கோடிக்கணக்கான வருஷம் வெந்து பளிங்குக்கு உடன்பிறப்பாகிவிட்ட கல். உடைத்து வெயிலில் பிடித்தால் சீனிக் கட்டி மாதிரி மின்னும். வெற்றிலையில் நாம் தடவும் சுண்ணாம்பு, பொங்கலுக்குச் சுவரில் பூசும் வெள்ளை, வீடு கட்டும் சிமெண்டு எல்லாம் இந்த ஜாதிக் கல் போடும் வெவ்வேறு வேஷங்களே.

இந்தக் கல்லை நம்பித்தான் சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணசுவாமியும் 1946-ல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அதன் முதல் ஆலை 1949-ல் தாழையூத்தில் எழுந்தது. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குச் சங்கர் நகர் என்று பெயர். 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் வசம் போயிற்று. கம்பெனி கை மாறலாம், கணக்கு மாறுவதில்லை. சிமெண்டுக்கு மூலமான கிளிங்கர் ஒரு டன் செய்ய ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அவ்வளவையும் யாரோ பூமியிலிருந்து பெயர்த்து, அள்ளி, மேலே ஏற்றியாக வேண்டும் அல்லவா? அதை ஏற்றுகிறவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

நான் போன சுரங்கத்தின் பெயர் வேண்டாம். நெல்லைச் சீமையில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிஷப் பிரதட்சிணம்

காலை ஐந்தே முக்கால் மணி. யந்திரங்கள் நிற்கும் ஷெட்டில் என்னை வரவேற்றவர் மெக்கானிக் போர்மன். வயது அறுபதை நெருங்குகிறது. எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. எனக்கும் அப்படியே ஆகிவிட்டார்.

யானைக் கொட்டிலில் யானைகள் நிற்பது போல அங்கே யந்திரங்கள் நின்றன. மண்ணையும் கல்லையும் அள்ளும் யந்திரத்தை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் இந்தப் பக்கத்தில் ‘ஹிட்டாச்சி’ என்றே சொல்கிறார்கள். பக்கத்தில் டம்பர் லாரிகள். ஒரே நடையில் முப்பது, முப்பத்தைந்து டன் கல் ஏற்றுமாம். அதன் சக்கரத்தின் அருகில் நின்றேன். சக்கரம்தான் உயரமாக இருந்தது!

ஒவ்வொரு டிரைவரும் தம் வண்டியை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தார். எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்துத் துடைத்து வைத்தார். சக்கரத்து நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து ஹாரன், விளக்கு, பின்னால் போகும்போது கத்தும் மணி ஆகியவற்றைச் சோதித்தார். கடைசியாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

“கோயில் பிரதட்சிணம் மாதிரி இருக்கிறதே!” என்றேன்.

“அதேதான் தம்பி. சாமி கும்பிடாம வண்டி எடுத்தாலும் எடுக்கலாம். இதைச் செய்யாம எடுக்கப்படாது. பத்து நிமிஷம் போகுதேன்னு பாத்தா, பொறவு பத்து நாள் வண்டி படுத்துக்கிடும்.”

காருக்கு ஓடிய தூரத்தைக் கணக்கிடுகிறோம். இந்த யந்திரங்களுக்கோ ஓடிய மணிதான் கணக்கு. நின்ற இடத்திலேயே நாள் முழுவதும் கல் அள்ளுகிற யந்திரத்துக்குத் தூரம் ஏது? 250 மணி, 500 மணி, 1000 மணி, 2000 மணி என்று படி வைத்து எண்ணெய், பில்டர், மற்றப் பாகங்களை மாற்றுகிறார்கள். கிரீஸ் மட்டும் தினசரி. அள்ளும் வாளியின் மூட்டுகளில் புதுக் கிரீஸை ஏற்றினால் பழைய கிரீஸ் தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியே பிதுங்கி வரும். அது வெளிவருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த மூட்டுக்குப் போக வேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு.

மூச்சும் இரத்தமும்

சுரங்க யந்திரத்துக்குப் பரம சத்துரு யார் தெரியுமா? கல் அல்ல, தூசி. இஞ்சின் மூச்சு விடும் வழியில் காகித மடிப்புகளால் ஆன ஏர் பில்டர் இருக்கிறது. தூசி அடைத்துக்கொண்டதும் சில பிள்ளைகள் அதைக் கழற்றி டயரில் ‘தட் தட்’ என்று தட்டுவார்கள். அல்லது காற்றை வேகமாகப் பீய்ச்சி அடிப்பார்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அன்று முதல் இஞ்சின் கல் தூளைத் தின்ன ஆரம்பிக்கும். நல்ல சல்லடையை அடித்துத் துவைத்து ஓட்டையாக்கிவிட்டு மாவில் கல் இருக்கிறதே என்று வருத்தப்படுவதைப் போன்ற சமாசாரம் இது.

அப்படித் தின்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நமக்கு டாக்டர் இரத்தம் எடுக்கிறாரே, அது போல இஞ்சினிலிருந்து சிறு குப்பியில் எண்ணெய் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள். எண்ணெயில் சிலிக்கான் கூடியிருந்தால் தூசி உள்ளே போகிறது என்று அர்த்தம். இரும்பு கூடியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. வியாதி முற்றுமுன் வைத்தியம் செய்துவிடலாம்.

ரோடும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். பள்ளத்திலிருந்து ஏறும் பாதை பொதுவாக 16 அடி போனால் 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது என்பது 1961-ம் வருஷச் சுரங்க விதிகளில் கண்ட கணக்கு. செங்குத்தான பாதையில் பாரத்தோடு இறங்கினால் பிரேக் காய்ந்து பிடிப்பை இழக்கும். பாதையில் சிந்திக் கிடக்கும் ஒரு கல், நல்ல டயரை ஒரு நிமிஷத்தில் கிழித்துவிடும். “ரோட்டைக் கூட்டினா டயருக்குச் செலவு குறையும்லா?” என்றார் அண்ணாச்சி. வீட்டு வாசலைப் பெருக்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிவப்புக் கம்பி

ஷெட்டின் மூலையில் இரத்தச் சிவப்பில் வர்ணம் அடித்த கனமான இரும்புக் கம்பி ஒன்று சாத்தியிருந்தது. “இது என்ன?” என்று கேட்டேன்.

அதுவரை சிரித்துப் பேசியவர் சற்று நேரம் பேசவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் இடத்தில், டிப்பரின் தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் குனிந்து ஒரு பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம் கூட்டாளி ஒருவர். தொட்டிக்கு முட்டுக் கொடுக்கவில்லை. ‘ரெண்டு நிமிஷ வேலைதானே!’ எண்ணெயின் அழுத்தம் விட்டது. தொட்டி இறங்கிவிட்டது.

“அந்தப் பைப்பு ஒழுகுதுன்னு முந்தின நாளே டிரைவருக்குத் தெரியும் தம்பி. சொன்னா, ‘நீ ஓட்டுன லட்சணம்’னு திட்டு விழும்னு பயந்து சொல்லல. அதைத்தான் இன்னிக்கும் என்னால தாங்க முடியல. தொட்டிய தூக்குனா இந்தக் கம்பிய கொடுத்துட்டுத்தான் தலைய உள்ள நீட்டணும். வண்டிச் சாவி, வேலை செய்யுதவன் பையில இருக்கணும். பழுதுன்னு வந்து சொல்லுத பயல நான் ஒருநாளும் ஏச மாட்டேன். ஒளிச்சு வச்சான்னாத்தான் ஏச்சு.”

அவர் ஒரு நீள நோட்டைக் காட்டினார். எந்த வண்டி, எப்போது, எதனால் நின்றது, யார் முதலில் கவனித்துச் சொன்னது என்று பத்திகள். கடைசிப் பத்தியில் பெயர் இருப்பது அவமானம் அல்ல, கௌரவம்! மாதக் கடைசியில் அதை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறார்கள்.

யந்திரம் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அது நிற்கிற இடமும் நன்றாக இருக்க வேண்டும். 2022 மே 14-ந் தேதி இரவு, திருநெல்வேலிக்குத் தெற்கே முன்னீர்பள்ளம் பக்கத்தில் அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்தது. கல் ஏற்றிக்கொண்டிருந்த யந்திரங்களோடு ஆறு பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். அரக்கோணத்திலிருந்து மீட்புப் படை வந்தது. பல நாள் தேடினார்கள். இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். நான்கு வீடுகளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காத்திருந்தது வீணாயிற்று. அதைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தில் எவருக்கும் குரல் தாழ்ந்துவிடுகிறது. வண்டியைச் சுற்றிப் பார்த்த பிறகு பாறைச் சுவரையும் அண்ணாந்து பார்க்க வேண்டும், மழைக்குப் பிறகு இரண்டு தரம் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி பிள்ளைகளுக்குச் சொல்வது அதனால்தான்.

சொன்னால் குறைந்தா போகும்?

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இலாகாவின் ஆதரவில் சுரங்கப் பாதுகாப்பு வாரம் என்று கொண்டாடுகிறார்கள். அப்போது ஒரு சுரங்கத்தைச் சோதிக்க வருகிறவர்கள் வேறு சுரங்கங்களைச் சேர்ந்தவர்கள். டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் போட்டி வைக்கிறார்கள். நாலு வீட்டு நவராத்திரிக் கொலுவைப் பார்த்துவிட்டு வந்து நம் வீட்டுக் கொலுவைத் திருத்துகிறோமே, அந்த மாதிரி!

“எங்க சிவப்புக் கம்பிய பாத்துட்டு வேற ரெண்டு மூணு இடத்துல செஞ்சுக்கிட்டாவ. அவங்க கிட்டேருந்து நாங்க கிரீஸ் கணக்கு படிச்சோம். சொன்னாக் குறைஞ்சா போகும்?”

நம் நாட்டில் இதற்குப் பெரிய உதாரணமும் இருக்கிறது. 1957-ல் நேரு தொடங்கி வைத்த நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து ராட்டினம் போன்ற வாளிச் சக்கர யந்திரங்கள் வந்தன. அந்த ஊரில் மிருதுவான மண்ணை வெட்டிப் பழகியவை. நம்முடைய கடலூர் மணற்பாறையோ அவற்றின் பற்களை வெகு சீக்கிரம் தேய்த்துவிட்டது. பிறகு பாறையை வெடி வைத்துத் தளர்த்திக்கொண்டு வெட்டினார்கள். பற்களுக்குக் கடினமான உலோகத்தை ஏற்றினார்கள். ‘பல் தேய்கிறது’ என்று ஒளிக்காமல் சொன்னதால்தானே மருந்து கிடைத்தது!

இதெல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1952-ம் வருஷச் சுரங்கச் சட்டம் திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே வேலை செய்யலாம் என்றது. 2019-ல் சர்க்கார் அதைத் தளர்த்தி, அவர்கள் எழுத்து மூலம் சம்மதித்தால் இரவிலும் வேலை செய்ய வழி திறந்தது. ஜார்க்கண்டில் நோவாமுண்டி இரும்புச் சுரங்கத்தில் 2024 டிசம்பரில் பெண்களே ஒரு முழு ஷிப்டை நடத்தத் தொடங்கினார்கள். டம்பர் ஓட்டுகிறவர்களும் அவர்களே. இந்தச் செய்தியை அண்ணாச்சியிடம் சொன்னேன். “வரட்டும் தம்பி. பொம்பளைப் பிள்ளையளுக்கு ஒழுகுத குழாய் உடனே கண்ணுல பட்டுரும்” என்றார்.

வெயில் ஏறிவிட்டது. பள்ளத்தின் அடியிலிருந்து முதல் டம்பர் பாரத்தோடு முனகிக்கொண்டு மேலே வந்தது. அண்ணாச்சி என் பேச்சைக் கேட்காமல் தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி எங்களைக் கடந்து போன பிறகுதான், “சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

அல்வாப் பொட்டலத்தோடு ஊர் திரும்பினேன். பழுதை முதலில் சொல்கிறவரைக் கொண்டாட வேண்டும், ஒளித்தால் ஆபத்து என்று என் மனைவியிடம் விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்தேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ரொம்ப நல்ல விஷயம். குக்கர் மூடியிலே ஆவி கசிகிறது, ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த நோட்டில் என் பெயரை எழுதியிருக்கிறீர்கள்?” என்றாள்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்களா? கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.