குணமதியாரைப் பார்க்கப் போனேன்

"ஏத்தா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு?" என்று என் அத்தை கேட்டார்கள். கோபத்தில் கேட்கவில்லை, பாவம். அவர்களுக்கு நிஜமாகவே புரியவில்லை. சொல்லப்போனால், எனக்கும் அப்போது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு நாற்பத்து நாலு வயது. மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறோம். பிளஸ் டூ தேறின கையோடு கல்யாணம். பிறகு இரண்டு குழந்தைகள், அடுப்படி, ரேஷன் கடை, அத்தையின் சர்க்கரை மாத்திரை என்று இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. மூத்தவள் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். சின்னவன் ஒன்பதாம் வகுப்பு.

பெண்தான் ஆரம்பித்து வைத்தாள். "அம்மா, மத்திய அரசு 'ஸ்வயம்'னு ஒண்ணு 2017-லேருந்து நடத்துது. பெரிய பெரிய கல்லூரி வாத்தியாருங்க பாடம் எடுப்பாங்க. போன்லயே கேக்கலாம். சேர்றதுக்குக் காசு கிடையாது. பரீட்சை எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கணும்னாத்தான் கட்டணம்" என்றாள். நான் விளையாட்டாக, "எனக்குக் கோலத்தைத் தவிர என்னடி தெரியும்?" என்றேன். உடனே அவள், ஆதிகால மனிதர்களின் ஓவியம், சிற்பம் பற்றிய ஒரு பாடத்தில் என் பெயரைப் பதிந்துவிட்டாள்.

மதியம் சாப்பாட்டுக் கடை முடிந்து, ஒன்றரை மணிக்கு மேல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். காதில் இயர்போன், மடியில் நோட்டு. பாடம் இங்கிலீஷில். அந்தப் பேராசிரியை நிதானமாகத்தான் பேசினார்; ஆனாலும் முதல் வாரம் பாதி புரியவில்லை. இரண்டு நாள் அழுகையே வந்துவிட்டது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐந்து நிமிஷம் கேட்பது, நிறுத்துவது, புரிந்ததைத் தமிழில் எழுதிக்கொள்வது, புரியாத வார்த்தையைச் சாயங்காலம் பெண்ணிடம் கேட்பது. படிப்பை விட்டு வெகுநாள் ஆன சகோதரிகளுக்கு இந்த வழியைத் தைரியமாகச் சொல்வேன்.

இரண்டாம் வாரம் கேட்ட ஒரு விஷயம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. ஸ்பெயின் தேசத்தில் அல்தாமிரா என்று ஒரு குகை. 1879-ல் சௌதுவோலா என்பவர் அதற்குள் தரையைத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட வந்த எட்டு வயது மகள் மரியா, குழந்தைதானே, சும்மா இருப்பாளா? விளக்கு வெளிச்சத்தில் மேலே அண்ணாந்து பார்த்து, "அப்பா, மாடுங்க!" என்று கூவினாளாம். கூரை முழுக்கக் காட்டெருமை ஓவியங்கள்! பல்லாயிரம் வருஷத்துக்கு முற்பட்டவை. ஆனால் பெரிய பண்டிதர்கள் பலர் அதை நம்பவில்லை. ஆதி மனிதனால் இவ்வளவு அழகாக வரைய முடியாது, இது ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கெட்ட பெயரோடுதான் 1888-ல் அவர் கண்ணை மூடினார். எதிர்த்தவர்களில் ஒருவர் 1902-ல் தன் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். அன்று இட்லிக்கு அரைத்துக்கொண்டே அந்த மனிதரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, ஆஸ்திரியாவில் 1908-ல் கிடைத்த வில்லெண்டார்ஃப் பெண் சிலை. பதினொரு சென்டிமீட்டர் உயரம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். பெருத்த மார்பும் வயிறுமாகப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருப்பாள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்து பீம்பேட்கா குகைகள். 1957-ல் வாகண்கர் என்ற அறிஞர் கண்டுபிடித்தவை, 2003-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனவை.

அதற்கப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. தமிழ்நாட்டில் எங்கெல்லாம் பாறை ஓவியம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்த பேராசிரியை, 'வில்லாபுரம்' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் ஓடி, "என்னங்க, நம்ம வில்லாபுரத்துல ஆதிகாலத்து ஓவியம் இருக்காம்!" என்றேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து, "நம்ம சின்னவன் கிறுக்கினதா?" என்றார். பெண் போனை வாங்கி மறுபடி போட்டுக் கேட்டாள். வில்லாபுரம் இல்லை, விழுப்புரம்! அந்த மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவியால் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. பறவை மூக்கு மாதிரி முகமுள்ள மனித உருவங்கள்கூட உண்டு. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தைகூடச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கின பிறகும் எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஸ்பெயின், ஆஸ்திரியா என்று படிக்கிறேனே, என் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது? தேடிப் படித்தபோது, மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் பழைய சமணக் குகைகள் நிறைய இருப்பது தெரிந்தது. மாங்குளம் மலையில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேயர் 1882-லேயே அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகையில், துறவிகளுக்காகக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. அதில் உப்பு வணிகர் ஒருவர், வெல்லப்பாகு விற்றவர் ஒருவர், மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். உப்பும் வெல்லமும் விற்றவர்களா! எனக்கு என் சமையலறை அலமாரியைப் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டுக்குச் சமீபம் எது என்று பார்த்தால், கீழக்குயில்குடி சமணர் மலை. மதுரைக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர், நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நான் அங்கே போயிருக்கிறேன். அங்கே நான் செய்த காரியமும் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறினேன். தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், மூன்று பெரிய பாட்டில் தண்ணீர். நானும் பிள்ளைகள் இருவரும் பெரியார் பஸ் நிலையம் போய், அங்கிருந்து கீழக்குயில்குடி பஸ் பிடித்தோம். ஏழரை மணிக்கெல்லாம் மலை அடிவாரத்தில் இறங்கிவிட்டோம்.

இறங்கினதுமே மனசு குளிர்ந்துவிடும். பெரிய பெரிய ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில். கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதலில் செட்டிப்புடவுக்குப் போனோம். புடவு என்றால் குகை. குகைக்கு வெளியே பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று நினைத்துக்கொண்டதால் அந்தப் பெயர். உள்ளே குனிந்து போய், சின்னவன்தான் மரியா மாதிரி முதலில் அண்ணாந்து பார்த்தான். வளைந்த கூரையில் வரிசையாக ஐந்து சிற்பங்கள். நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள், முக்குடை நிழலில். இரண்டு ஓரத்திலும் பெண் தெய்வங்கள். ஒருத்தி சாந்தமாக அமர்ந்திருக்கும் அம்பிகா இயக்கி. இன்னொருத்தி சிங்கத்தின் மேல் ஏறி, வில்லும் அம்புமாக, யானை மேல் வரும் வீரனை எதிர்த்துப் போகிறாள். "அம்மா, நீ கரண்டியோட வர்ற மாதிரியே இருக்கு" என்றான் சின்னவன். முதுகில் ஒன்று வைத்தேன்.

பிறகு பேச்சிப்பள்ளம். பாறையில் வெட்டின படிகளில் ஏற வேண்டும். கைப்பிடிக் கம்பி இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் நின்று நின்று ஏறலாம். மேலே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நிற்கும் பார்சுவநாதர், மகாவீரர், கொடி படர நின்று தவம் செய்யும் பாகுபலி. பாகுபலிக்குப் பக்கத்தில் அவருடைய தங்கைகள் பிராமி, சுந்தரி. தகப்பனார் பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்தாராம். பழைய எழுத்துக்கு அந்தப் பெண்ணின் பெயர்தான் வந்தது என்பது சமணர்களின் ஐதீகம். பெண்ணைப் படிக்க வைத்த தகப்பன் கதை எவ்வளவு பழசு, பாருங்கள்!

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் அந்தக் காலத்தில் தமிழை எழுதிய எழுத்து அது. எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அச்சணந்தி என்று ஒரு துறவி இருந்தார். மதுரை வட்டாரத்தில் பல மலைகளில் இப்படிச் சிற்பங்கள் செய்ய வைத்தவர். இங்கே உள்ள ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அவருடைய தாயார். பெயர் குணமதியார். ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷமாக அந்த அம்மாளின் பெயர் வெயிலிலும் மழையிலும் அங்கேயே இருக்கிறது.

துறவறம் போன மகனை நினைத்து அந்தத் தாய் என்ன பாடுபட்டாரோ, என்ன பெருமைப்பட்டாரோ! கல்வெட்டில் அதெல்லாம் இல்லை. ஒரு பெயரும் ஒரு திருமேனியும்தான். ஆனால் எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. சுனைப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்று பெண் பயந்துபோய் தண்ணீர் கொடுத்தாள். அப்போதுதான் சொன்னேன். எட்டாம் வகுப்பில் இங்கே வந்தபோது, கூரான கல் ஒன்றை எடுத்து, சிற்பங்களுக்கு அந்தப் பக்கம் உள்ள பாறையில் என் பெயரைக் கீறினேன். அதன் கீழே 'எட்டாம் வகுப்பு ஆ பிரிவு'. தோழிகள் கைதட்டினார்கள். யாரும் தடுக்கவில்லை. எங்களுக்கு அது வெறும் பாறை. அந்த மலை யாருடையது, எத்தனை வயசு என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்று பேருமாக என் பெயரைத் தேடினோம். அகப்படவில்லை. எப்படி அகப்படும்? பாறை முழுக்கப் பெயர்கள். ஒன்றின் மேல் ஒன்று, அம்பு விட்ட இதயங்கள், தேதிகள், சுண்ணாம்பு, பெயிண்ட். என் பெயர் அடியில் எங்கேயோ கிடக்கிறது. காணோம் என்று எனக்கு நிம்மதி வரவில்லை. நான் கீறினதைப் பார்த்துத்தானே அடுத்தவர் கீறியிருப்பார்?

சின்னவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அந்தப் பாட்டி பேரும் பாறையிலதானம்மா இருக்கு? அதுக்கும் உன் பேருக்கும் என்ன வித்தியாசம்?"

நல்ல கேள்வி. யோசித்துத்தான் பதில் சொன்னேன். "அவுக ஒரு சாமியைச் செஞ்சு வச்சுட்டு, கீழே பேரைப் போட்டாகடா. உப்பு வித்தவுக, வெல்லப்பாகு வித்தவுக எல்லாம் ஏதோ ஒண்ணு குடுத்துட்டுத்தான் பேரை வெட்டுனாக. நான் ஒண்ணும் குடுக்கலையே. இருந்ததைத்தான் கெடுத்தேன்." அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் இறங்கும்போது, பாறையில் ஏதோ கிறுக்கப் போன இரண்டு பையன்களிடம் போய், "டேய், எழுதாதீங்கடா, அபராதம் போடுவாங்க" என்று அவனே சொன்னான். அது உண்மைதான். இந்த மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் இருக்கிறது.

ஆலமர நிழலில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்குள் கிளம்பிவிட்டோம். போக நினைக்கிற சகோதரிகளும் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள், பாறை சுட்டுவிடும். வழுக்காத செருப்பு அவசியம். மேலே கடை கிடையாது, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் செட்டிப்புடவோடு திருப்திப்பட்டுக்கொள்வது நல்லது. சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் பையிலேயே போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குணமதியார் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். பிறகு, "மகன் சாமியாராப் போனபெறகும் ஆத்தா பேரு நிக்குதா?" என்று கேட்டு, வெகுநேரம் சும்மா இருந்தார்கள். அன்றிலிருந்து மதியம் ஒன்றரை மணிக்கு நான் நோட்டை எடுத்தால், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

பரீட்சையும் எழுதிவிட்டேன், என் பெண் வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து. கை நடுங்கத்தான் செய்தது. தேறிவிட்டேன். சான்றிதழில் என் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே அந்தப் பாறையும் ஞாபகத்துக்கு வந்தது.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் இப்படி ஒரு மலையோ குகையோ பழைய கோயிலோ கட்டாயம் இருக்கும். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரிந்துகொண்டு போய்ச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கையில் கூரான கல் ஏதாவது இருந்தால், முதலில் அதை வாங்கிக் கீழே போட்டுவிடுங்கள்.